பனிக்காலத்துப் பட்டறை

ஒட்டாவாவில் வாழும் நம்மவர்களிடம் நவம்பர் மாதம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். எல்லோரும் ஒரே கணக்கைத்தான் சொல்வார்கள். இன்னும் ஐந்து மாதம், ஏப்ரல் வந்துவிட்டால் போதும். நடுவில் ஊருக்கு ஒரு நடை போய்வர முடிந்தால் ஜனவரியாவது கழியும். வாசல் பனியைத் தள்ளுவது, கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுவது, இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவது, போர்வைக்குள் புகுந்துகொண்டு எதையாவது பார்ப்பது என்று அந்த ஐந்து மாதத்தையும் எப்படியாவது ஓட்டிவிட்டால், அப்புறம் வாழ்ந்துகொள்ளலாம் என்பது இங்கே எழுதாத சட்டம்.

முப்பது வருடம் இந்த ஊரில் இருப்பவருக்குக் கூட்டிப் பார்த்தால் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் குளிர்காலம். ஒரு பிள்ளை பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், உயர்நிலை வகுப்பை எட்டும் காலம் அது. அவ்வளவு ஆயுளையும் கழித்துவிட நாம் இப்படி மனதார ஒப்புக்கொள்கிறோமே, அது சரிதானா? இந்தக் கேள்வியை நான் யோசிக்கத் தொடங்கிய இடம் எங்கள் வீட்டு பேஸ்மென்ட். ஃபர்னஸுக்குப் பக்கத்தில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கு எதிரே, ஒரு தச்சு மேசையும் சில கருவிகளும் வைத்துக்கொண்டு மரவேலை செய்கிறேன். பகலில் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கணக்குப் பார்க்கும் பெண் நான். தச்சுத்தொழிலுக்கும் என் குடும்பத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்ததில்லை. ஏன் இருந்ததில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

குளிர் நாட்டு வீடுகளுக்கு பேஸ்மென்ட் வந்ததே குளிரால்தான். மண்ணில் உள்ள ஈரம் உறையும்போது பெருகும். உறையும் இடத்தை நோக்கிக் கீழிருந்து மேலும் மேலும் நீர் ஏறிவந்து அடுக்கடுக்காகப் பனிக்கட்டியாகும். அது தடித்தால் மேலே நிற்கும் சுவரையே தூக்கிவிடும். எனவே உறைபனி எட்டாத ஆழம்வரை அஸ்திவாரம் இறங்க வேண்டும். ஒட்டாவாவில் அது ஏறத்தாழ ஐந்தடி. அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் வீட்டுக்கு அடியில் முழு அறையே கிடைக்கும் என்று கண்டார்கள். வெளியே மைனஸ் 25 டிகிரி அடிக்கும் இரவிலும் என் பட்டறைச் சுவரின் அடிப்பகுதிக்கு அப்பால் இருப்பது உறையாத மண். கராஜில் பட்டறை வைத்திருக்கும் நண்பர்கள் டிசம்பரில் கருவிகளுக்கு எண்ணெய் பூசி மூடிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மரவேலைக்குப் பயன்படும் மஞ்சள் பசை பெரும்பாலும் 10 டிகிரிக்குக் கீழே போனால் ஒட்டாது. சுண்ணாம்பு பூத்தாற்போல் வெளுத்து, கையால் இழுத்தாலே இணைப்பு விட்டுப்போகும். குளிர்ந்து கிடக்கும் இரும்பின்மேல் திடீரென்று வெதுவெதுப்பான காற்று பட்டால் வியர்த்து, மறுநாள் துரு ஏறியிருக்கும். விரல் மரத்தால் உளியின் கூர் எங்கே இருக்கிறதென்று கைக்குத் தெரியாது. பேஸ்மென்ட்டில் இந்தத் தொல்லைகள் இல்லை. அங்கே வேறொன்று இருக்கிறது, வறட்சி.

வெயில் ஊரில் பிறந்தவர்களுக்கு வறட்சி என்றால் கோடைதான். இங்கே குளிர்காலம்தான் வறண்ட காலம். மைனஸ் 20 டிகிரிக் காற்று, ஒரு கன மீட்டருக்கு ஒரு கிராம் நீராவியைக்கூட ஏந்தாது. அதே காற்றை வீட்டுக்குள் இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் 17 கிராம் வரை ஏந்தும் வலு அதற்கு வந்துவிடுகிறது. ஏந்த நீர் இல்லை. அதனால் கண்டதிலிருந்தெல்லாம் உறிஞ்சுகிறது. உதடு வெடிக்கும், கைப்பிடியைத் தொட்டால் மின்பொறி தெறிக்கும், மரம் சுருங்கும்.

மரம் எப்படிச் சுருங்கும் என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் தீரவில்லை. நீளவாக்கில் அது அநேகமாக அசைவதே இல்லை. அகலவாக்கில்தான் அசையும். அதிலும் ஆண்டுவளையங்களை ஒட்டிய திசையில் அசைவது, வளையங்களுக்குக் குறுக்கே அசைவதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள மேப்பிள் மேசைப்பலகை பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டருக்கும் சற்று மேலாகவே விரியலாம். ஆணியும் பசையும் போட்டு அதை நாலு பக்கமும் இறுக்கினால், மரம் பிளக்கும். அதன் விசையை எந்தத் திருகாணியாலும் தடுக்க முடியாது. இதைத் தச்சர்கள் பல நூற்றாண்டுகளாக அறிந்திருக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய கதவுகளைப் பாருங்கள். சட்டத்தில் ஒரு பள்ளம் வெட்டி, நடுப்பலகையை அதற்குள் பசையில்லாமல் நிற்கவைத்திருப்பார்கள். சட்டம் அப்படியே இருக்கும், பலகை உள்ளே சுருங்கி விரிந்துகொள்ளும். அலங்காரத்துக்காகச் செய்ததென்று நான் சிறுவயதில் நினைத்திருந்த அந்த அமைப்பு, மரத்தின் சுருங்கி விரியும் குணத்தை மதித்துச் செய்யப்பட்டது. இதை உடனே மனித உறவுகளுக்கு உவமையாக்கிவிடலாம், பலரும் ஆக்கியிருக்கிறார்கள். எனக்கு அதில் விருப்பமில்லை. மரத்தைப் பற்றிய உண்மை, உண்மையாகவே இருந்தால் போதும். அதை உள்ளபடி தெரிந்துகொள்வதே பெரிய இன்பம்.

இதனால் என் குளிர்காலம் அக்டோபரிலேயே தொடங்குகிறது. பலகைகளை வாங்கி வந்து, ஒன்றின்மேல் ஒன்றாக, இடையிடையே மெல்லிய கட்டைகளைக் கொடுத்துக் காற்றுப் புகும்படி அடுக்கிவைப்பேன். வீட்டின் வறட்சிக்கு மரம் பழகிக்கொள்ளச் சில வாரங்களாகும். அதற்குள் கை வைத்தால் இன்று நேராக இழைத்த பலகை நாளை முறுக்கிக்கொள்ளும். அலுவலகத்தில் எந்த வேலையையும் முன்தள்ளலாம், பின்தள்ளலாம், இன்னும் இரண்டு பேரைப் போட்டு முடிக்கலாம். இந்த அடுக்கை யாராலும் அவசரப்படுத்த முடியாது. அது பழகிவரும் நாட்களில் கருவிகளைத் தீட்டுகிறேன், வரைபடம் போடுகிறேன், அளவுகளை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். குளிர் வருகிறதே என்று மனம் சோர்வதற்கு முன்னால், மரம் தயாராகிறது என்ற எதிர்பார்ப்பு வந்துவிடுகிறது.

நான் அதிகம் பயன்படுத்துவது ஆஷ் மரம். வெளிர் நிறம், அழுத்தமான ரேகை, வளைத்தாலும் எளிதில் முறியாத வலு. ஒரு காலத்தில் ஹாக்கி மட்டையும் பேஸ்பால் மட்டையும் கோடாரிக் காம்பும் இதில் செய்தார்கள். இந்த நாட்டின் பூர்வகுடிகள் ஆழப்பனியில் புதையாமல் நடக்கும் காலணிச் சட்டங்களை இந்த மரத்தை வளைத்து உருவாக்கினார்கள். இப்போது இங்கே ஆஷ் பலகை தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணம் ஒரு துயரம். கிழக்கு ஆசியாவிலிருந்து எப்படியோ வந்து சேர்ந்த, மரகதப் பச்சையில் மினுங்கும் சிறு வண்டு ஒன்று 2002-ல் டெட்ராய்ட், வின்சர் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. 2008-ல் ஒட்டாவாவுக்கு வந்துவிட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கு அடியில், மரம் சாறு கடத்தும் அடுக்கைத் தின்று வளைந்து வளைந்து சுரங்கம் போடும். சில ஆண்டுகளில் மரம் பட்டுப்போகும். ஒட்டாவாவின் குளிர் அதைக் கொல்லப் போதவில்லை. தெருத் தெருவாக மரங்கள் வெட்டப்பட்டன. அப்படி வெட்டிய மரங்களில் ஒரு பகுதி சிறு அறுவை ஆலைகளுக்குப் போய்ப் பலகையாகிறது. எரித்தோ அரைத்தோ போட்டிருக்கக்கூடிய மரம் ஒரு வீட்டில் ஸ்டூலாகவும் அலமாரியாகவும் இன்னும் நூறாண்டு இருக்கட்டும் என்றுதான் அதை வாங்குகிறேன்.

ஆஷ் பலகையின் தலைப்பை இழைத்துச் சுத்தம் செய்தால் வளையங்கள் துல்லியமாகத் தெரியும். வசந்தத்தில் வளர்ந்த பகுதியில் கண்ணுக்குத் தெரியும் துளைகள், கோடையில் வளர்ந்த பகுதியில் கெட்டியான மரம். அதன் பிறகு சட்டென்று ஒரு கோடு, மறுபடி துளைகள். குளிர்காலத்துக்கு அங்கே அகலமே கிடையாது. பாதி ஆண்டை மரம் ஒரு கோட்டுக்குள் அடக்கிவிட்டது. இலையை உதிர்த்து, வளர்ச்சியை நிறுத்தி, உயிரை உள்ளே ஒடுக்கிக்கொண்டு அதனால் அப்படி இருக்க முடியும். மனிதனுக்கு அது வாய்க்கவில்லை. அந்த ஐந்து மாதங்களிலும் நமக்குப் பசிக்கிறது, நரைக்கிறது, குழந்தைகள் வளர்கிறார்கள், ஊரில் பெற்றோர் தளர்கிறார்கள். நின்றுபோகாத ஒரு காலத்தை நின்றுபோனதாக எண்ணிக்கொள்வது நமக்கு நாமே இழைத்துக்கொள்ளும் கேடு.

இந்த ஊரின் வரலாறே குளிர்காலத்தை வேலைக்காலமாக்கிய வரலாறுதான். ஒட்டாவா தலைநகராவதற்கு முன்பு மரச்சந்தை. 1806-ல் பிலமன் ரைட் என்பவர் ஒட்டாவா ஆற்றில் முதன்முதலாகப் பெரிய மரத்தெப்பம் கட்டிக் கியூபெக் நகரம்வரை கொண்டுபோனார். அதையடுத்து நெப்போலியன் பால்டிக் துறைமுகங்களைப் பிரிட்டனுக்கு அடைத்தார். கப்பல் கட்ட மரம் தேடிய பிரிட்டன் கனடாவின் வெண்பைன் காடுகள் பக்கம் திரும்பியது. அந்தக் காடுகளில் மரம் வெட்டும் பருவம் குளிர்காலம். சேற்றில் நகர்த்த முடியாத மரங்களை உறைந்த மண்ணின்மேல் குதிரைகள் எளிதாக இழுத்தன. இரவில் பாதையில் நீர் தெளித்து உறையவைப்பார்கள். மறுநாள் பல டன் மரம் ஏற்றிய சறுக்குவண்டி அதன்மேல் வழுக்கிக்கொண்டு போகும். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகியதும் மரங்கள் மிதந்து ஊர் சேரும். அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கை கொடியது. நெரிசலான மரக்குடிசை, பன்றிக்கொழுப்பும் அவரையும், கைகால் இழக்கும் விபத்துகள். இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான அல்கோன்குவின் மக்களின் காடுகள் அவர்கள் சம்மதமில்லாமல் மொட்டையாகின. இதில் போற்றிப் பாடப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தத் தொழிலாளர்களில் எவருக்கும் குளிர்காலம் காத்திருக்கும் காலமாக இருக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்தக் குளிரும் இப்போது மெலிந்து வருகிறது. நகரின் நடுவே ஓடும் ரீடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டருக்குச் சறுக்குப் பாதையாகும். அரை நூற்றாண்டாக ஊரே இறங்கி விளையாடும் இடம். 2022–23 குளிர்காலத்தில் முதன்முறையாக அது ஒரு நாள்கூடத் திறக்கப்படவில்லை. பனி போதிய அளவு கெட்டிப்படவில்லை. எப்போது போய்த்தொலையும் என்று நாம் சலித்துக்கொள்ளும் பருவத்தை நம் பேரப்பிள்ளைகள் படத்தில்தான் பார்ப்பார்களோ என்னவோ.

இனி என் குடும்பத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் மரவேலையைப் பற்றிச் சொன்னபோது அம்மா கேட்டாள்: “ஏன்டி, இந்தக் குளிர்ல கீழ போயி மரத்த இழைச்சுக்கிட்டு இருக்கே? ஒரு ஸ்டூல் வாங்க முடியாத நெலமையா உங்களுக்கு?”

“வாங்க முடியும்மா. செய்ய முடியுதான்னு பாக்கறேன்.”

“அது ஆசாரி வேலைடி.”

அம்மா கடுமையாகச் சொல்லவில்லை. வானம் மேலே இருக்கிறது என்று சொல்லும் தொனியில் சொன்னாள். மயிலாடுதுறைப் பக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை ஆசாரி வருவார். கொல்லையில் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து கட்டில் கால் மாற்றுவார், நிலைக்கதவைச் செதுக்கிச் சரிசெய்வார், அம்மி மேடைக்குப் பலகை போடுவார். இழைப்புளியிலிருந்து சுருள் சுருளாக விழுவதை அள்ளிக்கொள்ள அனுமதி உண்டு. கருவியைத் தொட்டால் திட்டு விழும், அவரிடமிருந்து அல்ல, வீட்டாரிடமிருந்து. அண்ணனுக்கு, “போய்ப் படி, இல்லேன்னா நீயும் உளி புடிக்க வேண்டியதுதான்” என்ற மிரட்டல். எனக்கு அந்த மிரட்டல்கூட இல்லை. பெண்பிள்ளை கையில் உளி என்பது நினைத்துப் பார்க்கவே இடமில்லாதது. எங்கள் வீட்டின் கதவுகளையும் கட்டில்களையும் செய்த மனிதரை எல்லோரும் ஆசாரி என்றே கூப்பிட்டோம். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் எவரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

தொழில் பிறப்போடு கட்டப்பட்ட சமூகத்தில் கைவேலை இரண்டு பேருக்கும் கெடுதி செய்தது. அதைச் செய்தவருக்கு மரியாதையும் கூலியும் மறுக்கப்பட்டன. செய்யாதவருக்குக் கை இருந்தும் பயனில்லாமல் போயிற்று. 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் தகப்பன் தொழிலிலும் இருக்க வேண்டும் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டு அதைப் பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு முழுக்க நியாயமானது. வண்ணார் மகன் துணியும் குயவர் மகன் மண்ணும் என்று அரசே சொல்வதைவிடக் கொடுமை இல்லை. அவர்கள் எதிர்த்து நின்றதால்தான் பல லட்சம் பிள்ளைகள் முழுநேரம் பள்ளியில் உட்கார்ந்தார்கள். என் குறை வேறு இடத்தில். தகப்பன் தொழிலை மகனுக்கு விதிக்காதே என்று சொன்னபிறகு, எல்லாத் தொழிலின் கருவிகளையும் எல்லாப் பிள்ளைகளின் கையிலும் கொடு என்ற அடுத்த வாக்கியத்தை நாம் உரக்கச் சொல்லவில்லை. 1937-க்குப் பிறகு வந்த காந்தியின் ஆதாரக் கல்வி அதைச் சொல்ல முயன்றது. தக்ளியில் நூல் நூற்றதோடு அது தேய்ந்துபோயிற்று. படிப்பு என்றால் கைவேலையிலிருந்து தப்பிப்பது என்ற பொருள் நிலைத்துவிட்டது. அந்தத் தப்பித்தலின் உச்சியில்தான் நாம் விமானம் ஏறி இந்த நாடுகளுக்கு வந்து சேர்ந்தோம்.

அந்த அடுத்த வாக்கியத்தைச் சொன்ன நாடுகள் குளிர் நாடுகளாக இருந்தது தற்செயல் அல்ல. ஸ்வீடன், ஃபின்லாந்து, நார்வே கிராமங்களில் நீண்ட குளிர்காலம் முழுவதும் குடும்பமே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து கரண்டியும் வாளியும் ஏர்க்காலும் செதுக்கும் பழக்கம் இருந்தது. ஆலைப் பொருள்கள் வந்து அந்தப் பழக்கம் அழியத் தொடங்கியபோது ஃபின்லாந்தில் ஊனோ சிக்னேயுஸ் என்ற கல்வியாளர் அதைப் பள்ளிக்குள் கொண்டுவந்தார். 1866 முதல் அது அந்நாட்டுப் பொதுப்பள்ளிகளில் பாடம். ஸ்வீடனில் ஓட்டோ சாலமன் நாஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்காக ஒரு பயிற்சிப் பள்ளியே நடத்தினார். பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து கற்றார்கள். ஸ்லாய்ட் என்று அந்த முறைக்குப் பெயர். தச்சர்களை உருவாக்குவது அதன் நோக்கமில்லை என்பதில் அவர்கள் தெளிவாக இருந்தார்கள். கண்ணும் கையும் மனமும் ஒன்றாக வேலை செய்யப் பழக வேண்டும், உடலுழைப்பின்மேல் மதிப்பு வர வேண்டும், செய்து முடித்த பொருளைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பயன்படுத்த வேண்டும் என்றார்கள். அங்கும் ஆண்பிள்ளைக்கு மரம், பெண்பிள்ளைக்கு நூல் என்ற பாகுபாடு நெடுங்காலம் நீடித்தது. ஆனாலும் பாதிரியார் மகனும் பண்ணையாள் மகனும் ஒரே மேசையில் ஒரே கத்தியைப் பிடித்தார்கள். நமக்குக் கிடைக்காமல் போனது அந்த மேசைதான்.

படித்தவன் தச்சனிடம் கைகட்டிக் கற்றுக்கொள்வது எப்படி இருக்கும் என்று யோசிக்கும்போது எனக்கு ஜார்ஜ் நகாஷிமா நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் பிறந்த ஜப்பானியர், 1930-ல் எம்.ஐ.டி.யில் முதுகலைப் பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர். 1930களின் பிற்பகுதியில் அவர் புதுச்சேரிக்கு வந்து, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அந்த விடுதிக்கான மரச்சாமான்களையும் வடிவமைத்தார். ஆசிரமத்திலேயே சேர்ந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லி, சுந்தரானந்தா என்ற பெயரும் பெற்றார். அவர் அமெரிக்கா திரும்பிய பிறகு, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளியினரைக் கூட்டம் கூட்டமாக முகாம்களில் அடைத்தது. 1942-ல் நகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தையும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமில் அடைக்கப்பட்டார்கள். பொட்டல் வெளி, தார்த்தாள் ஒட்டிய மரக்கொட்டகை, எலும்பைத் துளைக்கும் குளிர். அங்கே அவருக்கு கென்டாரோ ஹிகோகாவா என்ற ஜப்பானிய மரபுத் தச்சர் கிடைத்தார். பட்டம் பெற்ற கட்டடக் கலைஞர் அந்தத் தச்சரிடம் இழைக்கவும் இணைக்கவும் கற்றார். மிச்சப்பட்ட மரத்துண்டுகளும் பாலைப் புதர்க் கட்டைகளும்தான் பொருள். 1943-ல் வெளியே வந்து பென்சில்வேனியாவில் குடியேறியவர், பிறகு உலகமே அறிந்த மரக்கலைஞரானார். அந்த முகாமை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது, அது அநீதி. அங்கே கழிந்த நாட்களையும் தன் நாட்களாகவே நடத்தினார் என்பதால்தான் அவரை எனக்குப் பிடிக்கும்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற தச்சர். ஒட்டாவா பள்ளத்தாக்கில் பிறந்த பிரெஞ்சுக் கனடியர். முதலில் கற்றுக்கொடுத்தது தீட்டுவது. கூராகாத கருவியோடு மரத்தின் பக்கம் போகவே விடமாட்டார். உளியின் சாய்வு 25 டிகிரி, நுனியில் இன்னும் கொஞ்சம் கூடுதல். தீட்டுக்கல்லில் தேய்க்கத் தேய்க்க மறுபக்கம் மயிரிழையளவு பிசிறு திரளும். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, விரல் நுனியால்தான் உணர வேண்டும். பிசிறு முழு அகலத்துக்கும் வந்த பிறகே அடுத்த கல். கூரான இழைப்புளி மேப்பிள்மேல் போகும்போது பட்டு கிழிவதைப்போல ஓர் ஓசை வரும். மெல்லிய சீவல் முறியாமல் நீளமாக எழுந்துவரும். மேலே வீடு தூங்கிக்கொண்டிருக்கும்போதும் இந்த வேலையைச் செய்யலாம் என்பது கைக்கருவிகளின் பெரிய வசதி.

நாள் முழுவதும் நான் பார்க்கும் எண்கள் யாருடைய வீடு எரிந்தது, யாருடைய கூரை இறங்கியது என்பதைப் பற்றியவை. அந்த வேலையில் நான் செய்தது சரியா என்று வேறொருவர் சொல்ல வேண்டும், அவருக்கு மேல் இன்னொருவர் சொல்ல வேண்டும். பட்டறையில் யாரும் சொல்ல வேண்டியதில்லை. இழுப்பறை வழுக்கிக்கொண்டு போகிறதா, சிக்குகிறதா? மூட்டின் இடையில் வெளிச்சம் தெரிகிறதா, இல்லையா? டிசம்பரில் நாலரை மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும் ஊரில், மாலை ஏழு மணிக்கு விளக்கின் கீழ் ஒரு கோட்டைப் பார்த்து அறுக்கும்போது வேறு எந்த எண்ணமும் வராது. சோர்வு இருக்கும். ஆனால் அது தோளிலும் முன்கையிலும் இருக்கும் சோர்வு, படுத்தால் தூக்கம் வரும் சோர்வு. குளிர்காலத்தில் இங்கே பலரை வாட்டும் மனச்சோர்வுக்கு இது மருந்து என்று சொல்லமாட்டேன். அதற்கு மருத்துவர் வேண்டும். என் குளிர்கால மாலைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

மகளும் இப்போது கீழே வருகிறாள். பலகையின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டியிருந்ததால் முதலில் கூப்பிட்டேன். இப்போது தானாகவே வருகிறாள். ஆஷ் மரத்தில் அவள் செய்த ஸ்டூலின்மேல் ஏறித்தான் சமையலறை மேல்தட்டில் இருக்கும் பருப்பு டப்பாவை எடுக்கிறோம். அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். “கால் ஆடுதா?” என்று கேட்டாள். ஆடவில்லை என்றேன். “அப்ப சரி” என்றாள். மரவேலையைப் பற்றி எங்கள் குடும்பத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் கேட்ட முதல் தொழில்நுட்பக் கேள்வி அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

பேஸ்மென்ட்டில் வேலை செய்ய நினைப்பவர்களுக்கு அக்கறையோடு சில விஷயங்கள் சொல்ல வேண்டும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. குளிர்காலத்தில் சன்னல் திறக்க முடியாது, ஃபர்னஸ் கீழ்த்தளத்துக் காற்றை இழுத்து வீடெங்கும் அனுப்பும். உப்புத்தாள் போடுவதைக் குறைத்து இழைப்புளியால் முடிப்பது நுரையீரலுக்கு நல்லது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் முகமூடியும் தூசி உறிஞ்சும் இயந்திரமும் கட்டாயம். ஆவி பறக்கும் வார்னிஷையும் தின்னரையும் எரிவாயு ஃபர்னஸும் வெந்நீர்க் கொதிகலனும் இருக்கும் அறையில் திறக்கவே கூடாது. வசந்தம்வரை பொறுத்து வெளியே பூசலாம். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நெருப்பே வேண்டாம், பொறியும் வேண்டாம். அதை விரித்து வெளியில் காயப்போடுங்கள், அல்லது நீரில் ஊறவையுங்கள். இந்த ஒன்றை மறந்து வீட்டை இழந்தவர்கள் உண்டு.

இயந்திரங்கள் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை. ஒரு உளி, ஒரு இழைப்புளி, ஒரு வாள், ஒரு மூலைமட்டம், ஒரு தீட்டுக்கல், தள்ளினால் நகராத ஒரு மேசை போதும். நம்மில் முக்கால்வாசிப் பேரின் பேஸ்மென்ட்டில் பிரிக்காத அட்டைப் பெட்டிகளும் ஓடாத உடற்பயிற்சி இயந்திரமும் இருக்கும் மூலையில் அதற்கு இடம் இருக்கிறது. மரவேலைதான் வேண்டும் என்றில்லை. தையல், மண்பாண்டம், புத்தகம் கட்டுவது என்று கைக்குப் பொருளும் கருவியும் தேவைப்படும் எந்த வேலையும் சரி. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் ஊரில் வயதான தச்சர் ஒருவர் நிச்சயம் இருப்பார், கேட்டால் மகிழ்ச்சியோடு வருவார். அவரைப் பெயர் சொல்லி, மரியாதையோடு கூப்பிடுங்கள். பெண்பிள்ளையோ ஆண்பிள்ளையோ, வீட்டில் இருக்கும் குழந்தையையும் கீழே கூட்டிப் போங்கள். அதன் கையில் உளியைக் கொடுக்கும்போது, மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, இரண்டு கையும் எப்போதும் கூர்முனைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் என்பதை முதலில் சொல்லிக்கொடுங்கள்.